ஏழாவது பெட்டி

என் வேலை எண்ணுவது.
சிலைமான் தாண்டி, வைகைக்குத் தெற்கே,
தோண்டிய குழிகளுக்குப் பக்கத்தில் எழுந்த அருங்காட்சியகம்.
தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்,
மடியில் கூடத்தின் தரைப்படம்.
யார் எந்தப் பெட்டி முன் எத்தனை விநாடி நின்றார்கள்.
மாதம் பதினோராயிரம். ஒப்பந்தம் ஆறு மாதம்.

தங்கத் தோடு: பதினான்கு விநாடி.
பகடைக்காய்: இருபது. ஆண்கள் என்றால் இருபத்தாறு.
எழுத்துக் கீறிய பானை: ஒன்பது,
அதில் ஐந்து செல்ஃபிக்கு.
வேனில் வந்திறங்கிய கல்யாணக் கூட்டமொன்று
இரண்டாயிரம் ஆண்டை
நாலரை நிமிடத்தில் கடந்து
கழிப்பறை வாசலில் பொறுமையாய் வரிசை கட்டியது.

ஏழாவது பெட்டிதான் பிடிபடவில்லை.
உள்ளே பெரிதாய் ஒன்றுமில்லை,
கறுப்பு சிவப்பு ஓடுகள், பலகையில் ஒரு எழுத்துப்பிழை.
அங்கே மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
குடும்பம் குடும்பமாக.
தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு.
திரையில் அந்த இடம்
அம்மைக் கொப்புளம் போல் சிவந்து வீங்கியது.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
அதற்கு ஒரு கதை எழுதினார்:
'எளிய ஓட்டில் மக்கள் தங்களைக் காண்கிறார்கள்.'
நாங்கள் கைதட்டினோம்.
நானும்தான்.

பெருக்க வந்த லூர்தம்மா சிரித்தாள்.
"மேல பாரு பாப்பா."

ஏசியின் வாய்.
ஏழுக்கு நேர் மேலே.

அவள் முறம் தினமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது.
கடலைத் தோல், பஸ் டிக்கெட், ஒற்றை ஹேர்பின்,
கூடத்திலேயே அதிகக் குப்பை
அந்த ஓடுகளின் காலடியில்.

மறுநாள் செக்கானூரணியிலிருந்து எட்டாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர்.
படத்தை விரித்துக் கேட்டேன்,
இந்த இடம் மட்டும் ஏன் சிவப்பு?
"சாமி இருக்கும்."
"சாப்பாடு குடுப்பாங்க."
ஒச்சப்பன் மட்டும் பேசாமல் எழுந்து
அந்த இடத்துக்கே நடந்து போனான்.
நின்றான். காலரைத் தூக்கிவிட்டான்.
"டீச்சர்... ஜிலுஜிலுன்னு இருக்கு."

நான் டீச்சர் இல்லை.
ஆனாலும் அலமாரியைத் திறந்து
இன்னொரு தாளை எடுத்தேன்.
நான்காம் குழி. வடகிழக்கு மூலையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு ஓடு.
மற்ற மூலைகளில் முப்பது, நாற்பது.
'சமையலிடம்' என்கிறது பலகை.
சரி, ஏன் அந்த மூலை?

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
பிறகு கைகள்.
"மரம் நின்னிருக்கும், நிழலுக்கு."
"ஆத்துக் காத்து அந்தப் பக்கந்தான் வரும்."
"பெருக்கி அங்கன தள்ளிருப்பாங்க."
கடைசி வரிசையில் பாண்டீஸ்வரி, கை தூக்காமலே:
"எண்ணுனவுக அந்த மூலைய மட்டும்
ஒழுங்கா எண்ணிருப்பாக."

பொத்தானைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சித்திரையில் ஏசி பழுதானது.
ஏழு பதினோரு விநாடிக்கு இறங்கியது.
ஆலோசகருக்கு எழுதினேன்; பதில் இல்லை.

ஒரு செவ்வாய், மதியம் இரண்டே கால்.
சூளைச் செம்மண் ஒட்டிய சேலையில் ஒரு பெண்
தனியாக வந்தாள்.
தங்கத்தைத் தாண்டி வந்தாள், பகடையைத் தாண்டி வந்தாள்.
ஏழின் முன் நின்றாள்.
முதுகு முழுக்க வியர்வை.
வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்
எதன் விளிம்பையோ பிடித்து
கனம் பார்ப்பதுபோல் உரசிக்கொண்டிருந்தன.
ஆறு நிமிடம் பத்து விநாடி.

தாளில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
மேலே பார்த்தேன்.
காற்று வாய் மூடியிருந்தது.

'தெரியாது' என்று எழுதினேன்.
அதன் பிறகு, கட்டத்துக்கு வெளியே,
'சேலையில் செம்மண்.'